80 சதவீதம்னு சொன்னது நான்தான்

போன ஆகஸ்ட் மாசம், ராத்திரி பத்தரை மணி இருக்கும். ஹாஸ்டல் மெஸ் மூடிட்டாங்க. நானும் என் ரூம்மேட்டும் கேட்டுக்கு எதிர்ல இருக்கிற பரோட்டா கடையில உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலையில முதல் ப்ளேஸ்மென்ட் ட்ரைவ். அவன் தட்டுல இருந்த பரோட்டா அப்படியே ஆறிக்கிட்டு இருந்துச்சு. "மச்சி, எனக்குக் கிடைக்குமாடா?" என்று கேட்டான். நான் பில்லைத் திருப்பி வெச்சு, பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பிச்சேன்.

கணக்கு ரொம்ப சிம்பிள். நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு ஏறக்குறைய 10 கம்பெனி வரும். ஒரு கம்பெனிக்கு 100 பேர் உட்கார்ந்தா சுமார் 15 பேரை எடுப்பாங்கன்னு சீனியர்கள் சொல்லியிருந்தாங்க. அப்போ ஒரு ட்ரைவ்ல கிடைக்காம போற வாய்ப்பு 0.85. பத்துலயும் கிடைக்காம போகணும்னா 0.85-ஐ பத்து தடவை பெருக்கணும். 0.197 வரும். அதை ஒண்ணுல இருந்து கழிச்சா, குறைஞ்சது ஒரு கம்பெனியிலாவது கிடைக்கிற வாய்ப்பு 0.803.

"80 பெர்சென்ட்டா. சாப்பிடு" என்றேன். அவனும் சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டான்.

இந்தக் கட்டுரை அந்த 80 பற்றித்தான். பெருக்கல்ல தப்பு எதுவும் இல்ல. பரீட்சையில இதே மாதிரி எழுதினா முழு மார்க் கிடைக்கும். ஆனா அது என் நண்பனோட வாழ்க்கையில ஆறு மாசத்தை வீணாக்கிய கணக்கு. அவன் அனுமதியோடதான் எழுதுறேன். "பேரை மட்டும் போடாத" என்றான். போடல.

முதல்ல நாம எல்லாரும் படிச்சதை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்குவோம். ரெண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து நடக்கிற வாய்ப்பு வேணும்னா பெருக்கணும். ஒரு தாயக்கட்டையில ஆறு விழ 1/6, ரெண்டு கட்டையிலும் ஆறு விழ 1/36. இது சரி. ஏன்னா முதல் கட்டை என்ன விழுந்ததுன்னு ரெண்டாவது கட்டைக்குத் தெரியாது. இதைத்தான் சார்பற்ற நிகழ்ச்சிகள்னு சொல்றோம்.

இப்போ ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக்குங்க. 52 சீட்டு, அதுல 4 ஏஸ். அடுத்தடுத்து ரெண்டு சீட்டு எடுத்து ரெண்டும் ஏஸா வரணும். 4/52-ஐ 4/52-ஆல பெருக்கினா 169-ல ஒண்ணு. ஆனா முதல் ஏஸ் கைக்கு வந்த பிறகு கட்டுல 51 சீட்டுதான் இருக்கு, ஏஸ் மூணுதான் இருக்கு. அதனால 4/52-ஐ 3/51-ஆல பெருக்கணும். 221-ல ஒண்ணு. ரெண்டாவது எண்ணைப் போடும்போது, முதலாவது நடந்துடுச்சுன்னு வெச்சுக்கிட்டுப் போடறோம். இதுதான் நிபந்தனை நிகழ்தகவு. உண்மையில பொது விதி இதுதான். முதலாவது நடந்தாலும் நடக்காட்டியும் ரெண்டாவது எண் மாறலைன்னா மட்டும் அந்த நிகழ்ச்சிகளுக்குச் 'சார்பற்ற' என்ற பட்டம் கொடுக்கலாம்.

நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். 'இண்டிபெண்டன்ட்' என்ற சொல்லைக் கணக்குல ஒரு நூறு தடவையாவது படிச்சிருப்பேன். அது எனக்கு ஒரு சிக்னல் மாதிரிதான். அந்த வார்த்தையைப் பார்த்தா பெருக்கணும், அவ்வளவுதான். இந்த இதழுக்காக உட்கார்ந்து 'சார்பற்ற' என்று தமிழ்ல எழுதும்போதுதான், "எதைச் சாராம?" என்று ஒரு கேள்வி தானா வந்தது. மூணு வருஷம் லேட்.

அந்தக் கேள்வியைக் கேட்காம விட்டா என்ன ஆகும்னு உலகம் முழுக்க எடுத்துச் சொல்ற ஒரு வழக்கு இருக்கு. இங்கிலாந்துல சாலி கிளார்க் என்ற பெண் வழக்கறிஞர். அவருடைய முதல் ஆண் குழந்தை 1996 டிசம்பரில், பிறந்து 11 வாரத்தில் திடீர்னு இறந்தது. இரண்டாவது ஆண் குழந்தை 1998 ஜனவரியில், 8 வாரத்தில் இறந்தது. இரண்டு குழந்தைகளையும் தாயே கொன்றுவிட்டார் என்று வழக்குப் போட்டார்கள்.

விசாரணையில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் ராய் மெடோ, புகழ்பெற்ற குழந்தை மருத்துவர். புகைபிடிக்காத, வருமானம் உள்ள, தாய்க்கு 26 வயசுக்கு மேல் ஆன ஒரு குடும்பத்தில் காரணம் தெரியாத குழந்தை மரணம் நடக்கிற வாய்ப்பு 8,543-ல் ஒன்று என்று ஒரு ஆய்வறிக்கையில் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு தடவை நடக்க வேண்டுமென்றால்? 8,543-ஐ 8,543-ஆல் பெருக்கினார்கள். 7.3 கோடியில் ஒன்று. இந்த எண் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 1999 நவம்பரில் சாலி கிளார்க்குக்கு ஆயுள் தண்டனை.

என் பரோட்டா கடை பில்லுக்கும் இந்தக் கணக்குக்கும் வித்தியாசமே இல்ல. ரெண்டு குழந்தைக்கும் அப்பா அம்மா ஒண்ணு, மரபணு ஒண்ணு, வீடு ஒண்ணு. நமக்குத் தெரியாத ஏதோ ஒரு காரணம் முதல் குழந்தையைப் பாதிச்சிருந்தா, அதே காரணம் ரெண்டாவது குழந்தையையும் பாதிக்கலாம். ஒரு வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தை இப்படி இறந்திருக்குன்னா, அடுத்த குழந்தைக்குப் போட வேண்டிய எண் வேற. சீட்டுக்கட்டுல முதல் ஏஸ் போன பிறகு 3/51 போட்டோமே, அதே மாதிரி. இன்னொன்னு கவனிங்க. அந்த 8,543 என்ற எண்ணே ஒரு நிபந்தனை எண்தான். புகைபிடிக்காத குடும்பம், வருமானம் உள்ள குடும்பம் என்று ஆபத்தைக் குறைக்கிற நிபந்தனைகளை எல்லாம் சேர்த்தாங்க. இந்த வகை மரணம் ஆண் குழந்தைகளுக்குத்தான் அதிகம். ரெண்டும் ஆண் குழந்தை. அந்த நிபந்தனையைச் சேர்க்கல. முதல் குழந்தை இறந்த நிபந்தனையையும் சேர்க்கல.

இதோட முடியல. 7.3 கோடியில ஒண்ணு என்ற எண்ணைக் கேட்ட உடனே பலருக்கு என்ன தோணும்? "அப்போ இவங்க நிரபராதியா இருக்க வாய்ப்பு 7.3 கோடியில ஒண்ணுதான்." இது ரெண்டாவது தப்பு, முதலாவதைவிடப் பெரிசு. மழை பெய்யும்போது நம்ம ஊர்ல கரண்ட் போற வாய்ப்பு எவ்வளவு? ரொம்ப அதிகம். கரண்ட் போயிருக்கும்போது வெளியில மழை பெய்ற வாய்ப்பு எவ்வளவு? அது வேற கேள்வி, வேற விடை. அதே மாதிரி, நிரபராதி வீட்டில் ரெண்டு மரணம் நடக்கிற வாய்ப்பு ஒரு எண். ரெண்டு மரணம் நடந்த வீட்டில் தாய் நிரபராதியா இருக்கிற வாய்ப்பு இன்னொரு எண். கேரளா பம்பர் லாட்டரி ஒருத்தருக்கு அடிக்கிறது லட்சத்துல ஒண்ணுக்கும் கீழே. அதுக்காகப் பரிசு வாங்கினவரை "நீ ஏமாத்தித்தான் வாங்கியிருப்ப" என்று போலீஸ் பிடிக்கிறதில்லையே. ரெண்டு குழந்தைகள் இயற்கையா இறக்கிறது அபூர்வம்தான். ஒரு தாய் தன் ரெண்டு குழந்தைகளையும் கொல்றதும் அபூர்வம்தான். ரெண்டு அபூர்வத்தையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டிருக்கணும். ஒண்ணை மட்டும் காட்டினா அது மலை மாதிரி தெரியும்.

2001 அக்டோபரில் ராயல் ஸ்டாட்டிஸ்டிக்கல் சொசைட்டி, அந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படை எதுவும் இல்லை என்று வெளிப்படையாக அறிக்கை விட்டது. இரண்டாவது குழந்தையின் உடலில் நடத்திய பாக்டீரியா பரிசோதனை முடிவுகள் விசாரணையில் வெளியே வராமல் போனதும் பிறகு தெரியவந்தது. அதையே முக்கியக் காரணமாகக் கொண்டு 2003 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. மூணு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்த சாலி கிளார்க், 2007-ல் இறந்துபோனார்.

"இது டாக்டரும் வக்கீலும் பண்ணின தப்பு, நாம இன்ஜினியர்" என்று யாராவது நினைச்சா, மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு பத்தி. 1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் போன யுனைடெட் 232 விமானம், டிசி-10 வகை. இறக்கை, வால் பகுதிகளைத் திருப்ப ஹைட்ராலிக் சிஸ்டம் வேணும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கட்டும்னு தனித்தனியா மூணு வெச்சிருந்தாங்க. மூணும் ஒரே நேரத்தில் போற வாய்ப்பைப் பெருக்கிப் பார்த்தா சைபர்னே சொல்லலாம். அன்னைக்கு வாலில் இருந்த இன்ஜினின் ஃபேன் டிஸ்க் உடைஞ்சு சிதறியது. மூணு சிஸ்டத்தின் குழாய்களும் அந்த வால் பகுதி வழியாத்தான் போச்சு. சிதறின துண்டுகள் மூணையும் சேர்த்துக் காலி பண்ணிடுச்சு. விமானிகள் மிச்சம் இருந்த ரெண்டு இன்ஜினின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைச்சு, எப்படியோ சியூ சிட்டி வரைக்கும் கொண்டுவந்தாங்க. 296 பேரில் 112 பேர் இறந்தாங்க. டிராயிங்ல மூணு சிஸ்டம் தனித்தனிதான். அது போன வழி ஒண்ணு.

இப்போ என் பில்லுக்கு வர்றேன். 100 பேருக்கு 15 என்றால் சராசரி 15 சதவீதம். ஆனா நம்ம கிளாஸ்ல எல்லாருக்கும் 15-ஆ? ஒரு உதாரணத்துக்குப் பாதிப் பேருக்கு ஒவ்வொரு ட்ரைவிலும் 28 சதவீதம், மீதிப் பாதிக்கு 2 சதவீதம்னு வெச்சுக்குவோம். சராசரி அதே 15 தான். முதல் கோஷ்டியில ஒருத்தருக்குப் பத்து ட்ரைவ்ல ஒண்ணாவது கிடைக்கிற வாய்ப்பு 96 சதவீதம். ரெண்டாவது கோஷ்டிக்கு 18. நான் சொன்ன 80 யாருக்குமே பொருந்தல!

அஞ்சு ட்ரைவ் முடிஞ்சது. அவனுக்குக் கிடைக்கல. அன்னைக்கும் நான் கணக்குப் போட்டேன். "இன்னும் அஞ்சு இருக்குடா. 56 பெர்சென்ட்" என்றேன். இப்போ அதே உதாரணத்துல சரியாப் போட்டுப் பார்ப்போம். 1000 பேர்ல ஆரம்பிக்கிறோம், கோஷ்டிக்கு 500. அஞ்சு ட்ரைவ் முடிஞ்சும் கிடைக்காம நிக்கிறவங்க முதல் கோஷ்டியில சுமார் 97 பேர், ரெண்டாவது கோஷ்டியில சுமார் 452 பேர். மொத்தம் 549. அதாவது அஞ்சு தடவை கிடைக்காத ஒருத்தன் ரெண்டாவது கோஷ்டியில இருக்கிற வாய்ப்பு 82 சதவீதம். மிச்சம் இருக்கிற அஞ்சுல ஒண்ணாவது அவனுக்குக் கிடைக்கிற வாய்ப்பு 22 தான். நான் சொன்னது 56.

பேஸ் தேற்றம்னு ஒண்ணு படிச்சோமே, அது இதுதான். மூணு பெட்டி, சிவப்புப் பந்து, நீலப் பந்துன்னு அதை எத்தனை தடவை போட்டிருப்பேன். கண்ணுக்கு முன்னாடி ரூம்மேட் அஞ்சு தடவை தோத்து நிக்கும்போது அது ஞாபகம் வரல. நடந்ததைக் கணக்குல சேர்க்காம, மறுபடியும் 0.85-லயே ஆரம்பிச்சேன்.

இதுல இன்னொரு விஷயம் எனக்கு வெட்கமா இருக்கு. அந்த அஞ்சு ட்ரைவிலும் அவன் வெளியே வந்தது ஒரே ரவுண்டுல, ஜிடியில. ஆப்டிட்யூட்ல அவன் என்னைவிட நல்லா பண்ணுவான். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். பத்து பேர் சேர்ந்து இங்கிலீஷ்ல கத்துற இடத்துல, மனசுக்குள்ள வாக்கியத்தைக் கோர்த்து முடிக்கிறதுக்குள்ள டாபிக் மாறிடும் என்று பிறகு சொன்னான். எனக்கு ஜிடி ஒரு விஷயமே இல்ல. அதனால அது ஒரு காரணமா இருக்கும்னு தோணவே இல்ல. என்னோட எண்ணை எடுத்து அவனுக்கும் போட்டுட்டேன். நடந்தது அஞ்சு தனித்தனி தோல்வின்னு நாங்க நினைச்சோம். ஒரே குழாய் அஞ்சு தடவை வெட்டுப்பட்டிருக்கு.

தப்பான எண்ணால என்ன நஷ்டம்? 80, 56 என்றதும் அவனுக்கு அவசரம் போயிடுச்சு. "அடுத்ததுல வந்துடும்" என்று காத்திருந்தான். 22 என்று சொல்லியிருந்தா உடைஞ்சு போயிருப்பானோன்னு கேட்பீங்க. நானும் யோசிச்சேன். ஆனா அந்தக் கணக்கு சொல்றது "நீ அவ்வளவுதான்" என்பது இல்ல. "இப்போ பண்றதையே பண்ணினா 22" என்பதுதான். கோஷ்டி மாறலாம். மாறணும்னு தெரியணுமே, அதுக்குத்தான் சரியான எண் வேணும்.

இந்தத் தப்பை நான் மட்டும் பண்றதில்ல. ரோட்டோரம் கல்லூரி விளம்பரப் பலகைகளைப் பாருங்க. '90% ப்ளேஸ்மென்ட்'. எந்தக் கல்லூரின்னு இல்ல, பொதுவாச் சொல்றேன். ஒரு கணக்குக்கு, இறுதியாண்டுல 400 பேர். அரியர் இல்லாம, பத்தாவதுல இருந்து 60 சதவீதம் வெச்சு, பேரும் பதிஞ்சவங்க 240 பேர். அதுல 216 பேருக்கு வேலை. 240-க்கு 216 என்றால் 90 சதவீதம், உண்மைதான். 400-க்கு 216 என்றால் 54. ரெண்டும் பொய் இல்ல. நிபந்தனை நிகழ்தகவு எழுதும்போது நடுவுல ஒரு நேர்க்கோடு போடுவோமே, அந்தக் கோட்டுக்கு வலது பக்கம் என்ன இருக்கு என்பதுதான் கேள்வி. பலகையில வலது பக்கத்தை மட்டும் எழுதுறதில்ல. கடன் வாங்கி மகனைச் சேர்க்கிற அப்பா கோட்டுக்கு இடது பக்கத்தை மட்டும் படிச்சுட்டு ஃபீஸ் கட்டுறார்.

என் கருத்து இதுதான். நிகழ்தகவுல நமக்குப் பெருக்கல் தெரியும், சூத்திரம் தெரியும். பெருக்கலாமா கூடாதான்னு கேட்கத் தெரியல. கேட்க வேண்டிய அவசியமே வரல. கேள்வித்தாள்லயே 'இவை சார்பற்றவை எனக் கொள்க' என்று எழுதிக் கொடுத்துடறாங்க. வாழ்க்கையில யாரும் அப்படி எழுதிக் கொடுக்கறதில்ல.

எங்க புரொபசர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். "ஒரு செமஸ்டர்ல அஞ்சு யூனிட் முடிக்கணும்பா, இதுல விவாதம் பண்ண நேரம் எங்க?" என்றார். அவர் சொல்றதும் நியாயம். சார்பற்றதுன்னு வெச்சுக்காம எந்தக் கணக்கையும் ஆரம்பிக்கவே முடியாது என்பதும் எனக்குத் தெரியும். நான் புது யூனிட் கேட்கல. விடைக்குக் கீழ ஒரே ஒரு வரி. 'இவை ஏன் சார்பற்றவை?' அல்லது 'இங்கே நிபந்தனை எது?' அதுக்கு ஒரு மார்க் கொடுங்க. ஒரு மார்க் இருந்தா நாங்க கட்டாயம் யோசிப்போம், அது எங்களைப் பத்தி எல்லாருக்கும் தெரியும்.

ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்க நண்பன் ப்ளேஸ்மென்ட் சமயத்துல வந்து "கிடைக்குமாடா" என்று கேட்டா, பில்லைத் திருப்பாதீங்க. "போன தடவை எந்த ரவுண்டுல வெளியே வந்த?" என்று கேளுங்க. நான் அதைக் கேட்டது ஜனவரியில. ஏழு ட்ரைவ் முடிஞ்ச பிறகு.

அன்னையில இருந்து தினமும் ராத்திரி எங்க ரூம்ல நாலு பேர் உட்கார்ந்து ஜிடி நடத்துறோம். முதல் வாரம் அவன் மொத்தமா மூணு வாக்கியம் பேசியிருப்பான். இப்போ நான் குறுக்கே பேசினா "இருடா, முடிச்சுக்கிறேன்" என்று கையைக் காட்டுறான். போன மாசம் ஒரு ட்ரைவ்ல முதல் தடவையா ஜிடியைத் தாண்டி, ஹெச்ஆர் ரவுண்டு வரைக்கும் போனான். அங்க போச்சு. இன்னும் வேலை கிடைக்கல. அடுத்த வாரம் ஒரு கம்பெனி வருது.

நேத்து அதே பரோட்டா கடையில "இப்போ எவ்வளவு பெர்சென்ட்டா?" என்று கேட்டான். தெரியலைன்னு சொன்னேன். "அப்பாடா" என்று சொல்லிட்டு, இன்னொரு பரோட்டா சொன்னான்.